மணி அடிச்சாச்சு

ஏப்ரல் 2, செவ்வாய்

கயிற்று ஏணியை இன்று கத்தியால் வெட்டிப் போட்டேன். நடுவில் ஒரு படியில் நூல் பிரிந்திருந்தது. "பிரிஞ்ச இடத்துல ஒரு முடிச்சப் போட்டாப் போதாதாம்மா? நன்கொடையா வந்தது" என்று செயலாளர் சீனிராஜ் சார் கையைப் பிசைந்தார். முடிச்சுப் போட்டால் நாளைக்கு எவனாவது ஏறுவான். வெட்டிப் போட்டால் ஏற முடியாது. பட்டாசு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஆபத்தை ஓரமாக எடுத்து வைத்தால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

'மைதானம்' அறக்கட்டளைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளின் பிள்ளைகள் சனி, ஞாயிறிலும் கோடை விடுமுறையிலும் இங்கே வந்து ஏறுகிறார்கள், குதிக்கிறார்கள், உருளுகிறார்கள். வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து குச்சி அடுக்க வேண்டியதுதான். அவர்களை விளையாட வைப்பது தொண்டர்களின் வேலை. விழாமல், உடையாமல், தொலையாமல் வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. பிள்ளைகள் எனக்கு 'ஆபத்தக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

சாயங்காலம் வேன் பூட்டு வந்து சேர்ந்தது. போன வாரம் ஒரு பயல் ஓடுகிற வேனில் பக்கவாட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தான். இனிமேல் அதை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஜன்னல்களுக்கும் கம்பி அடிக்கச் சொல்லிவிட்டேன். டிரைவர் ஞானதுரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது வேனா, ஜெயிலா மேடம்?"

"பிள்ளை ரோட்டுல விழுந்தா நீங்க நெச ஜெயிலுக்குப் போகணும் அண்ணாச்சி. எது தேவலைன்னு பாத்துக்கிடுங்க."

சிரித்துவிட்டு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார். நல்ல மனிதர். முனகாமல் மட்டும் எதையும் செய்ய மாட்டார்.

ஏப்ரல் 6, சனி

இன்று முதல் 'காணாமல் போன பிள்ளை' ஒத்திகை.

தீ ஒத்திகை எல்லோரும் வைப்பார்கள். தீயைவிட எனக்குப் பயம் தலைக்கணக்கில்தான். இத்தனை பிள்ளைகளில் ஒன்று குறைந்தால் எவ்வளவு நேரத்தில் இவர்களுக்கு உறைக்கும் என்று பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு வைத்தால் அது நாடகம். அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒளிய வைக்க முனீஸ்வரியைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாம் வகுப்பு. ஒல்லி, கறுப்பு, கண் மட்டும் பெரிசு. மற்ற வாண்டுகளை ஒரு நிமிஷம் சும்மா உட்கார வைக்க முடியாது. இவள் வீட்டில் அம்மா பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து குச்சி அடுக்கிப் பழகியவள். மேடைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சத்தம் காட்டக் கூடாது. அழுதாலும் கூடாது, திட்டினாலும் கூடாது. நான் வந்து 'முனீசு, மணி அடிச்சாச்சு, வெளிய வா'ன்னு சொன்னாத்தான் வரணும். சரியா?"

"நீங்க வராட்டி?"

"நான் வராம இருப்பேனா?"

தலையாட்டினாள். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தது.

எதிர்பார்த்ததைவிட மோசம். பிள்ளை குறைகிறாள் என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. கண்டுபிடித்தபின் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தொண்டர்களுக்கு மூத்தவள் சுபாஷினி, கல்லூரியில் கடைசி வருஷம், கிணற்றுப் பக்கம் ஓடி மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். நான் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கு என்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இப்படியா ஏமாத்துவீங்க? உசிரே போயிருச்சுக்கா" என்றாள். போகட்டும். ஒத்திகையில் போனால் திரும்பி வரும்.

முனீசுக்கு ஒரு கடலை மிட்டாய். வேலை முடிந்ததும் உள்ளங்கையை நீட்டினாள், கணக்காக.

ஏப்ரல் 11, வியாழன்

குளவிக்கூடு எடுத்தாயிற்று. முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோலைக் காணோம். காகிதம் வெட்ட எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஏப்ரல் 20, சனி

இரண்டாம் ஒத்திகை. இந்த முறை அவர்கள் உஷாராக இருப்பார்கள் என்று தெரியும். சாத்தூரில் கல்யாணம், வர மாட்டேன் என்று நேற்றே சொல்லி வைத்தேன். விளையாட்டுச் சாமான் அறையில் மெத்தைகளுக்குப் பின்னால் முனீசை உட்கார வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டேன். சுபாஷினி என்னைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே எடுக்கவில்லை. நான் கிடைக்காத நாளில்தானே உண்மையாக நடக்கும்?

பாதி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். முன்னேற்றம். சீனிராஜ் சார் கூட "பரவாயில்லையே" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்.

முனீசின் அம்மா பேச்சியம்மாள் கூட்டிப்போக வந்திருந்தாள். "எம்புள்ள இங்க வந்ததுல இருந்து வீட்டுல வாய் ஓயலக்கா. எல்லாத்தையும் சொல்லுதா. ஒண்ணை மட்டும் கேட்டா ரகசியம்ங்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். முனீசு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக் காட்டினாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மூன்றாவது. எனக்கு எரிச்சல்.

மேடைக்கு அடியில் ஒளிய வைத்திருந்தேன். தலைக்கணக்கில் முனீசு இல்லை என்றதும் ஒருவர் முகத்திலும் பதற்றம் இல்லை. சுபாஷினி நேராகப் புளியமரத்துக்கு வந்து, "அக்கா, வெளிய வாங்க. முனீசு இல்லைன்னா நீங்க இருப்பீங்க" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். ஒளிகிறவளை அடுத்த தடவை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் முனீசின் முகம் தொங்கிப் போயிருந்தது. மிட்டாயைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டாக" என்றாள். பாவமாக இருந்தது. அடுத்த தடவை வேனுக்குள் ஒளிய வைக்கிறேன், அங்கே ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். "நெசமாவாக்கா? நான்தானே?" என்றாள். நீதான் என்றேன். அதற்குப் பிறகுதான் மிட்டாய் வாய்க்குப் போனது.

மணல் வாளி வாங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கொண்டி சரியில்லை.

மே 3, வெள்ளி

நாளை மதுரையில் தீயணைப்புப் பயிற்சி, நாள் முழுக்க. சீனிராஜ் சார், நான் போயே ஆக வேண்டும் என்கிறார். வெயில் கொளுத்துகிறது. பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெட்டவெளியில் விட வேண்டாம், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் அலமாரியில் இருக்கிறது என்று சுபாஷினியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"மதுரைக்கா? சரிக்கா, சரிக்கா" என்று கண்ணடித்தாள்.

"நெசமாப் போறேன் பிள்ளை."

"நாங்களும் நெசமா நம்புறோம்."

துடுக்கு. பஸ்ஸுக்குக் காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.

மே 4, சனி

முனீஸ்வரி திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில். நினைவு இல்லை. கை ஓடவில்லை எனக்கு.

மே 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

பயிற்சி அறையில் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விட்டபோது எடுத்துப் பார்த்தால் சுபாஷினியிடமிருந்து வரிசையாக அழைப்புகள். கரைசல் பாக்கெட் எங்கே என்று கேட்டிருப்பாள், அலமாரி என்று எத்தனை தரம் சொன்னேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்று தட்டை வாங்கினேன். உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். அப்புறம்தான் கூப்பிட்டேன். அந்த இரண்டு வாயை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

"அக்கா, தோத்துட்டோம்" என்றாள், எடுத்த எடுப்பில். பின்னால் பிள்ளைகள் சாப்பிடும் இரைச்சல். "ஒத்துக்கிடுதோம். எல்லா இடமும் பாத்தாச்சு. மேடைக்கு அடியில, சாமான் ரூம்ல, மரத்துக்குப் பின்னால. போதும்க்கா, முனீசு பசியோட இருப்பா. எங்க வெச்சிருக்கீங்க?"

"நான் மதுரையில இருக்கேன்."

"போன தடவை சாத்தூருன்னு சொன்னீங்க."

"சுபாஷினி, நான் மதுரையில இருக்கேன். முனீசை நான் ஒளிய வைக்கல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. நன்றாக நடிப்பதாக நினைத்துப் பாராட்டுகிற சிரிப்பு அது.

"வேனைப் பாரு" என்றேன். கத்தினேன் போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஓடினாள். மூச்சு கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடியைத் தட்டும் சத்தம். "முனீசு... ஏய் முனீசு." பிறகு அவள் போட்ட அலறல்.

நடந்தது இதுதான். ஞானதுரை முற்பகலில் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்து வேனை வேலியோரம் நிறுத்தியிருக்கிறார். நிழல் இல்லாத இடம். பாத்திரத்தைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கதவு திறந்திருந்தது. திரும்பி வந்து கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, பஞ்சர் ஒட்டக் கொடுத்திருந்த டயரை வாங்க மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் போய்விட்டார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைசி இருக்கைவரை நடந்து பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. அதைக் காலையில் ஒழுங்காகச் செய்திருக்கிறார். சாப்பாட்டை இறக்கியபின் பார்க்க வேண்டும் என்று நான் விதி போடவில்லை.

கடைசி இருக்கைக்கு அடியில் கிடந்தாள். சாவி ஞானதுரையிடம். ஜன்னலில் கம்பி. முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்து சுபாஷினி உள்ளே இறங்கியிருக்கிறாள். கையெல்லாம் கிழிசல். பிள்ளையின் உடம்பு தொட முடியாத சூடு என்றாள். வாந்தி எடுத்திருந்தாள். கதவின் உள்பக்கம் கைப்பிடி இருக்கும் இடத்தில் விரல் தடம் இருந்ததாம்.

வேன் பக்கமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனோம் அக்கா, ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மே 6, திங்கள்

ஞானதுரையைக் கைது செய்து கிளைச் சிறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். பூட்டுமுன் உள்ளே பார்க்காத கவனக்குறைவு.

சீனிராஜ் சார் அறையில் கூட்டம். முகம் சாம்பலாக இருந்தது. "நாம யாரும் இப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம்னு வக்கீல் சொல்றார். போனா வாய் சும்மா இருக்காது. எதையாவது சொல்லிருவோம். டிரைவர் மேல கேசு போயிட்டிருக்கு, அது போற வழியில போகட்டும்." ஒத்திகைகளைப் பற்றி வெளியே பேச வேண்டியதில்லை என்றும் சொன்னார். அது நல்ல நோக்கத்தில் செய்தது, வெளியாட்களுக்குப் புரியாது. நான் தலையாட்டினேன்.

வாசலில் சுபாஷினி நின்றிருந்தாள், இரண்டு கையிலும் கட்டோடு.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வேன்ல இருப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அனுபவம் என்றேன்.

கட்டுப் போட்ட கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 7, செவ்வாய்

மணல் வாளி வந்துவிட்டது. சிவப்புப் பெயிண்ட் சரியாகக் காயவில்லை. தொட்டி மூடிக்குக் கொண்டி மாற்றினேன். முகாம் மூடிக் கிடக்கிறது, இருந்தாலும் கொண்டி கொண்டிதான்.

பிள்ளைக்கு இன்னும் நினைவு வரவில்லை. மூச்சுக்குக் கருவி.

மே 8, புதன்

ஞானதுரையின் மனைவி வந்தாள். கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை. வேனில் விட்டுப் போன அவருடைய மூக்குக்கண்ணாடியும் டிபன் பாக்ஸும் வேண்டும் என்றாள். வேன் போலீஸில் இருக்கிறது என்றேன்.

"அவரு கண்ணாடி இல்லாம படிக்க மாட்டாரு. காகிதத்தக் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுதாக, என்னன்னு தெரியாமலே போடுதாரு" என்றாள். பிறகு, "உள்ளருந்து திறக்க முடியாத பூட்டு யாரு போடச் சொன்னதுன்னு கேட்டாங்களாம். 'நானாத்தான் போட்டேன்'னு சொல்லிட்டாராம். 'மேடம் புள்ளைகளுக்காக ராவும் பகலும் அலையுற மனுசி, அவங்களை எதுக்கு இழுக்கணும்'கிறாரு."

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள் சொல்லிவிட்டுப் போனதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. வெயிலாக இருக்கிறது, பார்த்துப் போ என்று சொன்னேனோ என்னவோ.

மே 10, வெள்ளி

கண் திறந்துவிட்டாள்! தானாக மூச்சு விடுகிறாளாம். பேச்சியம்மாளே போன் செய்து சொன்னாள். இரண்டு பேரும் போனில் அழுதோம். வீட்டுச் சாமி படத்துக்கு விளக்கேற்றினேன், ரொம்ப நாளைக்கப்புறம்.

டாக்டர்கள் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உறுதியாக இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். இன்னும் பேசவில்லை.

மே 12, ஞாயிறு

பேச்சியம்மாள் திரும்பவும் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"ஆளை அடையாளம் தெரியுதுக்கா. என்னையப் பாக்கா, அவுக அப்பாவைப் பாக்கா. ஆனா பேச மாட்டேங்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம்னா கையால வாயைப் பொத்திக்கிடுதா. டாக்டரு கூப்பிட்டாலும் அப்படித்தான், நர்சு கூப்பிட்டாலும் அப்படித்தான். போலீஸ்காரம்மா வந்து அன்பாத்தான் கேட்டாக. கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. எதுக்குக்கா எம்புள்ள அப்படிச் செய்யுதா? மூளையில என்னமும் ஆயிருச்சா?"

பயத்தில் சில பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு, சரியாகிவிடும் என்று சொன்னேன்.

பிறகு சாமான் அறையைச் சுத்தம் செய்தேன். மெத்தைகளை வெளியே எடுத்து வெயிலில் போட்டுத் தட்டினேன். ஒரு மெத்தைக்குப் பின்னால் கடலை மிட்டாய்க் காகிதம் கிடந்தது. எறும்பு வரும் என்று எத்தனை தரம் சொல்வது.

மே 13, திங்கள்

ஒன்றும் இல்லை.

மே 14, செவ்வாய்

இன்று சாப்பாட்டுப் பிரச்சினை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாளாம். கரண்டியைக் கொண்டு போனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் எல்லாம். குழாயைப் பிடுங்கி எறிகிறாள் என்று கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை. மூளையில்தான் ஏதோ பாதிப்பு, பேச்சு வராமலே போகலாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.

நான் நாள் முழுக்க மூளையைப் பற்றித்தான் யோசித்தேன். சூட்டில் மூளை வீங்கும். வீங்கினால் பேச்சுப் போகும். ஆலையில் இருந்தபோது படித்திருக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் அடித்தேன். மூளை கெட்ட பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் வாயைப் பொத்துமா?

நான் வராம இருப்பேனா என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு அதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

சீனிராஜ் சாரைக் கூப்பிட்டு, நாளை திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றேன்.

"எதுக்கு? போய் என்ன சொல்லப் போறீங்க?"

"ரெண்டு வார்த்தை."

"தமயந்தி, நீங்க வாயைத் திறந்தா மைதானத்தையே மூடிருவாங்க. இத்தனை பிள்ளைகளும் திரும்ப வீட்டுல உக்காந்து குச்சி அடுக்கும். யோசிச்சுக்கோங்க."

அவர் சொல்வது பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

மே 15, புதன்

போய்விட்டு வந்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நீளமான வார்டு. கட்டிலுக்குக் கட்டில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. முனீசு ஜன்னலோரம். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா வந்திருக்காங்க பாரு. முனீசு, ஆபத்தக்கா பாரு" என்றாள்.

முனீசு கட்டாத கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மட்டும் மூடவில்லை. என்னையே பார்த்தாள்.

கொண்டு போன ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். நர்சு வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. நாளைக்கு வரலாம், ஆளில்லாத நேரமாகப் பார்த்து வரலாம், பேச்சியம்மாள் காப்பி வாங்கப் போகும்போது காதோடு சொல்லிவிட்டுப் போய்விடலாம். இத்தனையும் யோசித்தேன். முனீசு வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

குனிந்து மெதுவாகத்தான் சொன்னேன். "முனீசு, மணி அடிச்சாச்சு."

அவள் அசையவில்லை. அப்புறம்தான் புரிந்தது. மைதானத்தில் நான் அதை ஒருநாளும் மெதுவாகச் சொன்னதில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன், இரண்டு தரம் கையைத் தட்டுவேன். நிமிர்ந்து நின்றேன். கையைத் தட்டினேன். வார்டு முழுக்கத் திரும்பியது.

"முனீசு, மணி அடிச்சாச்சு! வெளிய வா!"

கை வாயிலிருந்து இறங்கியது. உதடு ஒட்டிப் போயிருந்தது, பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரொம்ப நேரம் ஆச்சுக்கா" என்றாள். குரலே இல்லை, காற்றுதான். "நான் சத்தமே போடலை."

பேச்சியம்மாள் ஓவென்று கத்திவிட்டாள். நர்சு ஓடி வந்தாள். "பேசிட்டா, எம்புள்ள பேசிட்டா" என்று அழுகிறாள், சிரிக்கிறாள், என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். முனீசு அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை என் பக்கமாக நீட்டினாள்.

நான் கடலை மிட்டாய் கொண்டு போயிருக்கவில்லை. ஆரஞ்சு வாங்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"என்னக்கா கேக்கா?" என்றாள் பேச்சியம்மாள். இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது முகத்தில். "எதுல இருந்து வெளிய வரச் சொன்னீங்க?"

சொன்னேன். ஒளிய வைத்தது, யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது என்று பழக்கியது, அடுத்த தடவை வேனில் நீதான் என்று வாக்குக் கொடுத்தது, உள்ளேயிருந்து திறக்க முடியாத பூட்டைப் போடச் சொன்னது, எல்லாம். நின்றுகொண்டேதான் சொன்னேன். ஞானதுரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். என் தோளில் இருந்த கையைப் பேச்சியம்மாள் எப்போது எடுத்தாள் என்று கவனிக்கவில்லை.

நான் முடித்ததும் திரும்பித் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். பிள்ளையின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நர்சைப் பார்த்தாள். நர்சு சரி என்றதும் கரண்டியால் கொஞ்சம் ஊற்றினாள். முனீசு வாயைத் திறந்தாள். விழுங்கினாள். இன்னும் ஒரு கரண்டி. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கிளம்பத் திரும்பியபோதுதான் பேசினாள்.

"இனிமே எம்புள்ளயப் பேரு சொல்லிக் கூப்பிடாதீக."

சரி என்றேன். முனீசின் கை இன்னும் நீட்டினபடியே இருந்தது. வெளியே வந்து கோவில்பட்டி பஸ் ஏறி, இறங்கியதும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.